பேட்ரிசியா ரூட்லெட்ஜ்: தொலைக்காட்சி மறைத்துவிட்ட மேடைக் கலைஞர்? (விவாத இழை)

மேடைவிளக்கு எழுதியது:

2025 அக்டோபர் 3 அன்று, தம் 96ஆம் வயதில், ஆங்கில நடிகை பேட்ரிசியா ரூட்லெட்ஜ் காலமானார். வந்த இரங்கல் குறிப்புகளில் பெரும்பாலானவை ஹயசிந்த் பக்கெட் என்ற பாத்திரப் பெயரோடு தொடங்கி, அதே பெயரோடு முடிந்தன. பிபிசியின் ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ தொடரில், எளிய குடும்பத்தில் பிறந்ததை மறைத்து மேட்டுக்குடிப் பெண்மணியாக நடந்துகொள்ள ஓயாமல் பாடுபடும் அந்த அம்மாளை யாரால் மறக்க முடியும்? அந்தத் தொடரை நானும் நேசிப்பவன்தான். ஆனால் அது தொடங்கிய 1990 அக்டோபரில் ரூட்லெட்ஜுக்கு வயது 61. அதற்கு முன் அவர் மேடையில் கழித்த 38 ஆண்டுகளை ஒரு முன்னுரையைப் போல ஒரே பத்தியில் கடந்துவிடுவது நியாயமா என்பதே என் கேள்வி.

அவர் 1929 பிப்ரவரி 17 அன்று, மெர்சி நதியில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட் நகரின் டிரான்மியர் பகுதியில் பிறந்தார். தந்தை ஆண்களுக்கான ஆடையணிக் கடை வைத்திருந்தார். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்று, 1952இல் லிவர்பூல் பிளேஹவுசில் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் ஹிப்பாலிட்டாவாக மேடையேறினார். அங்கிருந்து இலண்டன், அங்கிருந்து நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வே. 1968இல் ‘டார்லிங் ஆஃப் த டே’ என்ற இசைநாடகத்தில், பட்னியில் வாழும் ஒரு விதவையாக நடித்துப் பாடியதற்காக அமெரிக்க நாடக உலகின் டோனி விருதைப் பெற்றார். 1988இல் ‘கான்டிட்’ இசைநாடகத்தின் கிழவி வேடத்துக்காக இலண்டனில் ஒலிவியர் விருது கிடைத்தது. இரண்டுமே பாடி நடித்ததற்காகக் கிடைத்தவை என்பதைக் கவனியுங்கள். நடுவில், 1984இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில், ஆன்டனி ஷெர் ரிச்சர்டாக நடிக்க, சாபமிடும் அரசி மார்கரெட்டாக நின்றவரும் இவரே.

என் கருத்தைத் திறந்தே சொல்லிவிடுகிறேன். ஹயசிந்த் என்ற பாத்திரத்தை எழுதியவர் ராய் கிளார்க். அதற்கு உயிர் கொடுத்தது இசைநாடக மேடையில் பக்குவப்பட்ட ஒரு பாடகியின் மூச்சும் தாளமும். மேடையை ஒதுக்கிவிட்டு அந்த வேடத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நினைக்கிறேன். மற்றவர்களின் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

குறிஞ்சிமலர் எழுதியது:

மேடைவிளக்கு ஐயாவுக்கு வணக்கம். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உடன்பட இயலவில்லை.

நீங்கள் சொல்லும் அந்த டோனி விருது நாடகம் மொத்தம் 31 காட்சிகளோடு முடிந்துபோனது. 1976இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்து, ஆலன் ஜே லெர்னர் எழுதி, பெரும் எதிர்பார்ப்போடு பிராட்வேயில் தொடங்கிய ‘1600 பென்சில்வேனியா அவென்யூ’ ஏழே காட்சிகளில் இறக்கப்பட்டது. பிராட்வேயை எட்டாமலே வழியில் நின்றுபோன நாடகங்களும் அவர் வாழ்வில் உண்டு. அமெரிக்க இசைநாடக உலகம் அவருக்குக் கைதட்டியது, ஆனால் ஓர் இடம் கொடுக்கவில்லை. தொலைக்காட்சிதான் அவருக்கு வீடுதோறும் இடம் கொடுத்தது. ஐந்து பருவங்கள், கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிகளையும் சேர்த்து 44 பகுதிகள் மட்டுமே கொண்ட ஒரு தொடர், பிபிசி வெளிநாடுகளுக்கு மிக அதிகமாக விற்ற நிகழ்ச்சியாக ஆனது சாதாரணச் செய்தியன்று. ஒரு நடிகையை மக்கள் எந்த வேடத்தால் நினைவில் வைத்திருக்கிறார்களோ, அதை அவருடைய முதன்மையான சாதனையாகக் கொள்வதில் என்ன குறை?

வேணுகானம் எழுதியது:

நான் வாய்ப்பாட்டு கற்பிப்பவள் என்பதால் இந்த இழையில் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டும்.

அந்தத் தொடரில் பக்கத்து வீட்டு எலிசபெத்தின் தம்பி எம்மெட், உள்ளூர் இசைநாடகக் குழுவை நடத்துபவர். அந்தக் குழுவில் எப்படியாவது ஒரு வேடம் வாங்கிவிட வேண்டும் என்று ஹயசிந்த் துடிக்கிறாள். அதனால் எம்மெட்டைக் கண்ட மாத்திரத்தில், தெருவென்றும் வாசலென்றும் பாராமல், உரத்த குரலில் பாடத் தொடங்கிவிடுகிறாள். எம்மெட் கதவை ஓரங்குலம் திறந்து, அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைப்பார். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டேன்.

கேட்டுப் பாருங்கள். பாடத் தெரியாத ஒருவர் மோசமாகப் பாடும்போது முதலில் மூச்சு உடையும், சொல் தேயும், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தொண்டை இறுகும். ஹயசிந்த் பாடும்போது இவை எதுவுமே நடப்பதில்லை. மூச்சு அடிவயிற்றிலிருந்து வருகிறது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. குரலின் கனம் ஒரு பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குப் போதுமானது. இந்த உறுதியான அடித்தளத்தின் மேல், மிகையான அசைவையும் தேவையற்ற ஆடம்பரத்தையும் அவர் வேண்டுமென்றே ஏற்றி வைக்கிறார். சுருதி சுத்தமாக நிற்கும் குரலால்தான் சுருதியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று அளந்து விலக முடியும். இதை வகுப்பில் மாணவிகளுக்குச் செய்துகாட்டச் சொன்னால், நன்றாகப் பாடுபவர்களால் மட்டுமே முடிகிறது.

இந்தத் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இலண்டன் நேஷனல் தியேட்டரில் நிக்கலஸ் ஹைட்னர் இயக்கிய ‘கரௌசல்’ இசைநாடகத்தில் அவர் நெட்டி ஃபௌலராக நடித்தார். நாயகி கணவனை இழந்து உடைந்து நிற்கும்போது அவளைத் தேற்றப் பாடும் பாட்டு அந்த வேடத்துக்குரியது. பிரிட்டனில் கால்பந்து மைதானங்களில் பல்லாயிரம் பேர் சேர்ந்து பாடும் பாட்டும் அதுவே, அதிலும் லிவர்பூல் அணியின் பாட்டு. மெர்சி நதிக்கரையில் பிறந்த ஒருவர் அதை நேஷனல் தியேட்டரில் பாடியதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒரே காலகட்டத்தில், ஒரே தொண்டையில், அந்தப் பாட்டும் எம்மெட்டை விரட்டும் பாட்டும் இருந்தன. குறிஞ்சிமலர் அவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

திரைக்குப்பின் எழுதியது:

பாட்டைப் பற்றி வேணுகானம் அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. உடலைப் பற்றிச் சொல்கிறேன். சபா நாடகங்களில் பின்மேடை வேலை பார்ப்பவன் நான். அரங்கப் பொருள்களை எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதும் என் பொறுப்பு.

1982இல் மைக்கேல் ஃபிரெய்னின் ‘நாய்சஸ் ஆஃப்’ முதன்முதலாக இலண்டன் ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்கில் மேடையேறியபோது, டாட்டி ஆட்லி வேடத்தை ஏற்றவர் ரூட்லெட்ஜ். ஒரு நாடகக் குழு ஒரு நாடகத்தை ஒத்திகை பார்க்கிறது. பின்பு அதே நாடகம் பின்மேடையிலிருந்து காட்டப்படுகிறது. பின்பு அது முற்றிலும் சிதைவதைப் பார்க்கிறோம். டாட்டியின் கையில் சார்டின் மீன் தட்டு, செய்தித்தாள், தொலைபேசி. எதை எப்போது எங்கே வைப்பது, எதை எடுத்துக்கொண்டு வெளியேறுவது என்பதில்தான் சிரிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அரை நொடி பிந்தினால் அடுத்த மூன்று நடிகர்களின் சிரிப்பும் விழுந்துவிடும். அந்த வகை நாடகத்துக்குப் பொருள் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் நடிப்பவர் கடிகாரத்தை உடம்புக்குள் வைத்திருக்க வேண்டும்.

இப்போது ஹயசிந்தைப் பாருங்கள். அவளுடைய வெள்ளைத் தொலைபேசி அவளுக்கு ஒரு பெருமை. மணி அடிக்கும். அவள் ஓடமாட்டாள். நிமிர்ந்து, முகத்தைச் சீராக்கி, எடுத்து, குரலை ஒரு படி ஏற்றித் தன் வீட்டின் பெயரை அறிவிப்பாள். மறுமுனையில் இருப்பவர் யாரென்று தெரிந்ததும் அந்த முகம் கீழே இறங்கும் விதம் வேறு வேறாக இருக்கும். மகன் ஷெரிடன் என்றால் ஒரு குழைவு, தங்கை டெய்சி என்றால் ஒரு பதற்றம், சீன உணவகத்தைத் தேடித் தவறான எண்ணை அழைத்தவர் என்றால் ஒரு சீற்றம். மறுமுனைக் குரல் பெரும்பாலும் நமக்குக் கேட்பதில்லை. எதிரே ஆள் இல்லாமல், கேட்காத வசனத்துக்கு இடம் விட்டு, அந்த இடைவெளியையும் சிரிப்பாக்குவது மேடையில் பழகியவர்களுக்கே வரும். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டவை. சிரிப்பு அலை எழுந்து தணியும்வரை காத்திருந்து அடுத்த வார்த்தையை வைப்பதை நீங்கள் ஒவ்வொரு பகுதியிலும் பார்க்கலாம்.

டெய்சியின் கணவன் ஆன்ஸ்லோவின் வீட்டு வாசலில் பழைய காரிலிருந்து நாய் குரைத்ததும் ரூட்லெட்ஜ் வேலிச் செடிக்குள் பாய்ந்து விழுகிறாரே, அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

குறிஞ்சிமலர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. மிகவும் ஆர்வத்தோடு படித்தேன். பாட்டும் சரி, உடலசைவும் சரி, மேடையிலிருந்து வந்தவை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாடகாசிரியர் ஆலன் பென்னெட்டின் தனிமொழிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

1988இல் பிபிசி ஒளிபரப்பிய ‘டாக்கிங் ஹெட்ஸ்’ வரிசையில் ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’ என்று ஒரு பகுதி. ஐரீன் ரடக் என்ற தனித்து வாழும் பெண், வீட்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு, எல்லாரைப் பற்றியும் புகார்க் கடிதம் எழுதுகிறாள். எதிர் வீட்டுத் தம்பதியர் தங்கள் குழந்தையைச் சரியாகக் கவனிப்பதில்லை என்றும் எழுதுகிறாள். அந்தக் குழந்தை மருத்துவமனையில் இறந்துபோனதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறாள். அந்த இடத்தில் ரூட்லெட்ஜ் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடர்கிறது. அந்த ஒரு கணத்தில் அவள் வாழ்க்கையின் வெறுமை முழுவதும் நம் முன் திறந்துகொள்கிறது. இறுதியில் சிறைக்குப் போகிறாள். அங்கேதான் முதன்முறையாக மற்ற பெண்களின் தோழமையும் ஒரு மகிழ்ச்சியும் அவளுக்குக் கிடைக்கின்றன.

இதில் பாட்டு இல்லை, ஓட்டம் இல்லை, கைதட்ட ஆளில்லை. ஒரு முகமும் ஒரு கேமராவும் மட்டுமே. இதற்கு முன்பே, 1982இல், அதே பென்னெட்டின் ‘எ உமன் ஆஃப் நோ இம்பார்டன்ஸ்’ தனிமொழியில் மிஸ் ஸ்கோஃபீல்டாக நடித்தார். அலுவலக உணவகத்தில் தன் நாற்காலிதான் உலகத்தின் மையம் என்று நம்பும் ஒரு பெண், நோயுற்று மருத்துவமனைப் படுக்கையிலும் அதே முக்கியத்துவத்தைத் தேடிக்கொண்டே தேய்ந்துபோகிறாள். என்னைக் கேட்டால் ரூட்லெட்ஜின் உச்சம் இந்த இரண்டுமே. இரண்டும் தொலைக்காட்சிக்காகவே பிறந்தவை. ஆயிரம் பேர் அமரும் அரங்கின் கடைசி வரிசையிலிருந்து அந்தக் கண்ணிமை அசைவை யாரால் பார்த்திருக்க முடியும்?

மேடைவிளக்கு எழுதியது:

குறிஞ்சிமலர் அம்மா எழுப்பிய கேள்விதான் இந்த இழையிலேயே வலுவானது. அதனால் சற்று நேரம் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேமராவின் அருகாமை வேறொரு ஒழுங்கைக் கேட்கிறது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பென்னெட்டின் தனிமொழி ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடுகிறது. அந்த அரை மணியில் துணைக்கு வேறு நடிகர் கிடையாது, காட்சி மாற்றமும் மிகக் குறைவு. எந்த வாக்கியத்தில் மூச்சை எடுப்பது, எந்தச் சொல்லைத் தூக்கி எந்தச் சொல்லை அலட்சியமாக விடுவது என்ற கணக்கு முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. இந்தக் கணக்கை அவர் எங்கே கற்றார் என்பதற்கு, நீங்கள் தோல்வி என்று சுட்டிய 1976ஆம் ஆண்டு நாடகமே சான்று.

‘1600 பென்சில்வேனியா அவென்யூ’வில் வெள்ளை மாளிகையின் குடியரசுத் தலைவர் மனைவியர் எல்லாரையும் ரூட்லெட்ஜ் ஒருவரே ஏற்றார். தலைவர்கள் எல்லாரையும் கென் ஹோவர்ட் ஏற்றார். அதில் ஹேய்ஸ் குடியரசுத் தலைவராகப் பதவியேற்கும் நாளில் வரும் ஒரு பாட்டு உண்டு. கணவரின் பதவிக்காலம் முடிந்து வெளியேறும் ஜூலியா கிராண்டும் உள்ளே வரும் லூசி ஹேய்சும் அடுத்தடுத்துப் பாடுகிறார்கள். இருவரையும் பாடியவர் இவர் ஒருவரே. ஒருத்திக்குக் கனத்த, கசப்பேறிய கீழ்க்குரல். மற்றவளுக்கு உச்சத்தில் சிறகடிக்கும் மேல்குரல். ஒருத்தி முடித்த மூச்சிலேயே மற்றவள் தொடங்குகிறாள், போகப்போக இருவருக்குமான இடைவெளி குறுகிக்கொண்டே வருகிறது. ஏழு காட்சிகளில் நின்றுபோன அந்த நாடகத்தில், இந்தப் பாட்டுக்கு மட்டும் அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது என்பது நாடக வரலாற்றில் பதிவான செய்தி. தனியொருவராக நின்று முழு அரங்கையும் பிடித்து வைக்கும் ஆற்றல் 1976இலேயே முழுமையாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாடகம் நின்றதற்குக் காரணம் அதன் கதையமைப்பு, அவருடைய பாட்டன்று.

டோனி விருதைப் பற்றியும் ஒரு சொல். ‘டார்லிங் ஆஃப் த டே’ 1968 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. விருது ஏப்ரலில் வழங்கப்பட்டது. நாடகமே இல்லாமல் போன பிறகும் அந்த நடிப்பை மறக்க முடியாமல், லெஸ்லி அகம்ஸுடன் சமநிலையில் அவருக்கும் விருது தந்தார்கள். 31 காட்சிகள் என்ற எண்ணிக்கையை அவருக்கு எதிராக நிறுத்துவது சரியில்லை என்று இதனால்தான் சொல்கிறேன்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெர்ன்ஸ்டைனும் லெர்னரும் அந்த 1976 நாடகத்தின் பாடல்களை அசல் நடிகர்களோடு இசைத்தட்டாக வெளியிட இசையவில்லை. எனவே அந்தப் பாட்டை அரங்கில் கேட்டவர்களைத் தவிர உலகத்துக்கு முறையான பதிவு கிடைக்கவில்லை. ஹயசிந்தின் ஒவ்வொரு தும்மலும் பத்திரமாக இருக்கிறது. மேடை நடிகைக்கு நேரும் இந்த இழப்பை எண்ணும்போது எனக்கு மிகுந்த வருத்தமே மிஞ்சுகிறது. நினைவில் நிற்பது எது என்பதை மக்களின் அன்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, எது பதிவானது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தேம்ஸ்கரை எழுதியது:

இங்கே இலண்டனில் குடியேறிய ஆரம்பக் காலத்தில், ஆங்கிலேயரின் வர்க்க வேறுபாடுகளை எனக்கும் என் கணவருக்கும் புரியவைத்தது இந்தத் தொடரின் மறு ஒளிபரப்புகள்தாம். எலிசபெத்தின் கையில் தேநீர்க் கோப்பை நடுங்குவதைப் பார்த்து, விருந்துக்குப் போன இடத்தில் விலையுயர்ந்த பாத்திரத்தைத் தொட அஞ்சிய எங்கள் சொந்த அனுபவத்தை நினைத்துக்கொள்வோம்.

இரு தரப்பும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 1995 கிறிஸ்துமஸோடு அந்தத் தொடர் நின்றதற்குக் காரணம் ரூட்லெட்ஜே. மக்கள் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே விலகிவிட வேண்டும், வேறு வேலைகளும் செய்ய வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அடுத்த மாதமே ‘ஹெட்டி வெயின்த்ராப் இன்வெஸ்டிகேட்ஸ்’ தொடங்கியது. லங்காஷயரில் சாதாரணத் தொழிலாளர் குடும்பத்துப் பெண், அறுபது வயதில் துப்பறியும் வேலையில் இறங்குகிறாள். ஹயசிந்துக்கு நேர் எதிரான பாத்திரம். பகட்டே கிடையாது. எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்கத் தெரிந்தவள். நான்கு பருவங்கள் 1998வரை ஓடின. பின்னாளில் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் நடித்த டொமினிக் மோனகன் அதில் அவருடைய இளம் உதவியாளர். தொலைக்காட்சி அவரைச் சிறைப்பிடித்தது என்று சொல்வோர், அவரே கதவைத் திறந்து வெளியே வந்தார் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதன் பிறகும் அவர் மேடையை விடவில்லை. ஆஸ்கர் வைல்டின் நாடகத்தில் லேடி பிராக்னெல் ஆனார். சிச்செஸ்டர் நகரில் குடியமர்ந்து அங்குள்ள திருவிழா அரங்கில் பலமுறை நடித்தார். எண்பதைக் கடந்த வயதில், பியானோ கலைஞர் மைரா ஹெஸ்ஸின் சொற்களை மேடையில் பேசினார். உலகப் போரின்போது, ஓவியங்கள் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டுவிட்ட நேஷனல் கேலரியில், மதிய உணவு வேளையில் ஹெஸ் கச்சேரிகள் நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அந்த நிகழ்ச்சியில் பியர்ஸ் லேன் பியானோ வாசிக்க, ரூட்லெட்ஜ் பேசுவார். போர்க்காலத்தில் பர்க்கன்ஹெட்டில் தந்தையின் கடையின் கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்த சிறுமி அவர். அந்தச் சொற்களைப் பேச அவரைவிடப் பொருத்தமானவர் யார்? 2017இல் அவருக்கு டேம் பட்டம் வழங்கியபோது நாடகத்துக்கும் அறப்பணிக்கும் என்றே காரணம் குறித்தார்கள்.

குறிஞ்சிமலர் எழுதியது:

தேம்ஸ்கரை அவர்கள் சொன்ன விலகல் முடிவு என் வாதத்துக்கும் துணை நிற்கிறது. தொலைக்காட்சியில் அவர் வெறும் விருந்தாளியாக இருந்திருந்தால், ஒரு வெற்றித் தொடரை நிறுத்தி இன்னொரு தொடரைத் தலைமையேற்று நடத்தும் அதிகாரம் அவருக்கு எப்படி வந்திருக்கும்? பென்னெட்டின் தனிமொழிகளே உச்சம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் இரங்கல் குறிப்புகளில் மேடைக்கு ஒரு பத்தி போதாது என்பதில் மேடைவிளக்கு ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். அந்த மேடைக் குரலை இன்று எங்கேயாவது பார்க்கவும் கேட்கவும் முடியுமா?

வேணுகானம் எழுதியது:

முடியும். 1980 கோடையில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் திறந்தவெளி அரங்கில் நடந்த ‘த பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ காணொளியாகப் பதிவாகி வெளிவந்திருக்கிறது. கெவின் க்ளைன் கொள்ளைத் தலைவன், லிண்டா ரான்ஸ்டாட் நாயகி, ரூட்லெட்ஜ் பணிப்பெண் ரூத். அந்த நாடகம் பிராட்வேக்குப் போனபோது ரூத் வேடத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்டதால், இந்தப் பதிவு இன்னும் அரியது. ‘டார்லிங் ஆஃப் த டே’ பாடல்களும் இசைத்தட்டாக வந்துள்ளன. முதலில் ரூத்தைப் பாருங்கள், அடுத்து ஐரீன் ரடக்கைப் பாருங்கள், அதன் பிறகு எம்மெட் கதவைத் திறக்கும் ஏதாவது ஒரு பகுதியைப் போடுங்கள். இந்த வரிசையில் பார்த்துவிட்டு இங்கே எழுதினால், குறிஞ்சிமலர் அவர்களோடு ஐரீன் ரடக்கின் அந்த ஒரு கண மௌனத்தைப் பற்றி இன்னும் பேச எனக்கு நிறைய இருக்கிறது.